மைக்கில் படித்த பெயர்

கடத்தூர்,
ஜூலை 14

அன்புள்ள இளம்பரிதிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மா முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, வெள்ளையடிக்க வந்தவர்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார். கல்யாணக் களை வந்துவிட்டது.

ஏழாம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உங்கள் கொல்லையில் ஆழ்துளைப் போர் போட இடம் பார்க்க வந்தவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். அது எழுந்து நின்ற இடத்தில்தான் தண்ணீர் என்று போர் ஓட்டினார்கள். அறுநூறு அடி போயும் தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான். மறுநாள் நீ வகுப்பில் எழுந்து, "தோண்டாமயே தண்ணி இருக்குதான்னு எப்படீங்க டீச்சர் தெரியும்?" என்றாய். தோண்டித்தான் தெரியும் என்றேன். இன்று நீ ராய்ப்பூர் பக்கம் போர் போடும் ரிக் வண்டியில் அதையே வேலையாகச் செய்கிறாய். அந்தக் கேள்வியோடுதான் நான் இப்போது உன்னிடம் வந்திருக்கிறேன்.

போனில் பேசலாம் என்றால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போடுகிறாய், சுற்றிலும் பசங்கள் சிரிக்கிறார்கள். உங்கள் முதலாளி சாமான் அனுப்பும் வண்டியில் இதை உறையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். தனியாகப் படி. படித்ததும் கிழித்துவிடு.

உன்னோடு ரிக்கில் வேலை பார்த்த மாதையன் போன மாதம் இறந்தது உனக்குத் தெரியும். காசநோய் என்று சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்பிருந்தே அவன் உடம்பில் எச்.ஐ.வி. இருந்திருக்கிறது, பல வருடமாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லச் சொன்னவன் அவனேதான். கடைசியாக நான் பார்க்கப் போனபோது, தண்ணீர்கூட இறங்காத நிலையில், "பரிதிகிட்ட மட்டும் சொல்லிடுங்க டீச்சர். நான் போன எடத்துக்கெல்லாம் அவனும் வந்திருக்கான்" என்றான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. நீயும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அவன் விஷயத்தில் என் தப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் நம் ஊருக்கு ரத்தப் பரிசோதனை வண்டி வந்தது. பால் சொசைட்டி பக்கத்தில் நிறுத்தினார்கள். ஐஸ்வர்யா என்ற ஆலோசகர் பெண் வந்திருந்தாள். கூட்டம் இருந்ததே தவிர, ஒருவரும் படியேறவில்லை. முப்பத்துமூன்று வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? கோயில் மைக்கை வாங்கி, வீட்டுக் கணக்கெடுப்புப் பட்டியலைப் பார்த்து வரிசையாகப் பெயர் படிக்க ஆரம்பித்தேன். வகுப்பில் அப்படித்தானே எல்லாரையும் எழுப்புவேன்!

நான்காவது பெயர் மாதையன். லீவில் வந்திருந்தான். "உள்ளேன் டீச்சர்" என்று கை தூக்கினான், எல்லாரும் சிரித்தார்கள். நிஜமாகவே அவன் இரண்டு அடி முன்னால் வந்தான், பரிதி. நான் பார்த்தேன். அதற்குள் யாரோ, "ரிக்குக்காரன மொதல்ல ஏத்துங்க, ஊரூரா மேஞ்சிட்டு வந்திருப்பான்" என்றார்கள். அவன் முகம் செத்துவிட்டது. "எனக்கென்னங்க டீச்சர், கல்லு மாதிரி இருக்கறேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐஸ்வர்யா ஓடிவந்து மைக்கை அணைத்தாள். இங்கே பெயரே சொல்லக் கூடாதுங்க டீச்சர் என்றாள். அன்று மாலை வரை ஏழு பேர்தான் வந்தார்கள், அதில் ஒருத்தி நான்.

மூன்று முறை அவன் வீட்டுக்குப் போனேன். இல்லை என்று சொல்லச் சொன்னான். அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

கல் மாதிரி இருப்பதும் தேங்காய் நிற்பதும் ஒன்றுதான். உள்ளே என்ன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். பதினான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ராகி அறுக்கிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள், மகளைக் கல்லூரியில் சேர்த்திருக்கிறாள். மாதையனுக்கும் அவளுக்கும் வித்தியாசம், அவள் நேரத்தோடு தெரிந்துகொண்டாள் என்பதுதான். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், கட்டினவளுக்குக்கூடப் பரவாது என்கிறார்கள்.

நேற்று நீ கட்டிக்கொள்ளப் போகும் கலைமதி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். அவளும் என் வகுப்பில் படித்தவள்தான். சங்கதியெல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று, "அவரு எப்படிங்க டீச்சர்? நீங்க சொன்னா நான் நம்புவேன்" என்றாள். நல்ல பையன் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவள் தெரு முனையைத் திரும்பும்வரை என் கையிலிருந்த பத்திரிகையைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளிடம் நான் எதைச் சொல்ல முடியும்? உன் ரத்தத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உன் அம்மாவிடம் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. கல்யாணம் ஆவணியில். ஆவணி பிறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்தக் காகிதத்தைத் தவிர என்னிடம் வேறு வழியில்லை.

நீ ரத்தத்தைப் பரிசோதித்து, இல்லை என்று வந்தால், நிம்மதியாக மணமேடை ஏறு. இருக்கிறது என்று வந்தால், வேறு எங்கும் போகாதே, நேராக என் வீட்டுக்கு வா. என்ன நேரமானாலும் கதவு திறந்திருக்கும். கலைமதியிடம் எப்படிச் சொல்வது என்று சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம். ஐந்து வேளைத் தொழுகையிலும் உனக்காகக் கையேந்துகிறேன். நீங்கள் இருவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

இதனுள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ஐ.சி.டி.சி. அறை எங்கே என்று இந்தியில் எழுதியிருக்கிறேன். அங்கே உனக்கு ஒரு எண் கொடுப்பார்கள். என்னைப் போல யாரும் மைக்கில் பெயர் படிக்க மாட்டார்கள். காசும் கேட்க மாட்டார்கள். ரயில் ஏறுவதற்கு முன் ஒரு நாள் காலையில், அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்துக்குத் தனியாகப் போய், வாய் திறக்காமல் இந்தத் துண்டை மட்டும் காட்டு.

இப்படிக்கு,
ஷரீபுன்னிசா டீச்சர்