ஆற்றைப் பார்த்து நிற்கிறவனுக்கு

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முட்டி வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அங்கே நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், மீட்டிங் என்று நீ வைத்துவிடுவாய்.

விடுமுறைக்கு வந்தபோது உன் மகள் என் போனில் போட்டுக் கொடுத்த தோட்ட விளையாட்டை நான் விடாமல் ஆடுகிறேன், ஒரு ஆள் சமையல் அரை மணியில் முடிந்துவிடுகிறது, அப்புறம் என்னதான் செய்ய. எதிர்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா இது, இந்த வயசுல சின்னப் பிள்ளையாட்டம்" என்றாள். இந்த வயசுலதான்டி ஆடணும், பரீட்சை கிடையாது, பிடுங்கி வைக்க மாமியார் கிடையாது என்றேன். போன வருஷம் அவள் என் ஜாக்கெட்டை இறுக்கித் தைத்ததையும் சேர்த்தே சொன்னேன். பூசணி நாலு பாத்தி காய்த்துக் கிடக்கிறது, பார்க்கவே வயிறு நிறைகிறது. உன் பாத்திக்கும் நான்தான் தண்ணீர் விடுகிறேன். விளையாட்டுக்குள் ஆற்றோரம் நீ நீலச் சட்டையில் நிற்பாய், என் பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தி, என்ன சமைத்தேன், மாத்திரை போட்டேனா எல்லாம் சொல்வேன். வேலை முடிந்து களைத்து வந்திருக்கிறாய், அதனால் பேசவில்லை என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் உன் மகள் போனில் சிரிக்கிறாள், "ஐயோ பாட்டி, அது வெறும் பொம்மை, அப்பா உள்ள வந்தே மூணு மாசமாச்சு, விட்ட இடத்துலயே நிக்கும்" என்று. நானும் சிரித்தேன். அன்று பாத்திக்குத் தண்ணீர் விடவில்லை.

உனக்கு என்மேல் கோபம், தெரியும். பத்தாம் வகுப்பில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், டிவி முன்னால் வீடியோ கேமின் கடைசிக் கட்டத்தில் இருந்தாய், "ஒரே ஒரு நிமிஷம்மா" என்றாய். உன் அத்தை எல்லார் எதிரிலும், "பிள்ளையை நீதான் கெடுக்கறே" என்றாள், நான் வயரைப் பிடுங்கினேன். அவளோடு இன்றுவரை நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோபத்தில் நீயும் என் பிள்ளைதானே.

ஆற்றுக்குப் பாலம் போட, பலகையை இரண்டு பேர் பிடிக்க வேண்டுமாம். தையல்காரி தானே வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை நீ உள்ளே வா, ஒரே ஒரு நிமிஷம் போதும்.

நோய் நொடி இல்லாமல் இருங்கள். மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, வந்ததும் முதலில் இந்தப் பக்கம் திரும்பு, மூன்று மாதமாக உன் முதுகோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா