முட்டிப் பெல்ட்டோடு கும்மி

மல்லசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை.

என் மாமாவுக்கு உங்க சம்சாரம் சௌந்திரம் வணக்கம் சொல்லி எழுதறது. இங்க அத்தை, ஆடு, மாடு எல்லாம் சௌக்கியமுங்க, என் வலது முட்டியைத் தவிர. மத்தியப் பிரதேசத்துல வெயில் எப்படி இருக்குதுங்க? வேளைக்குச் சாப்பிடுங்க. போன்ல கும்மின்னு வாயெடுத்தாலே வெச்சுப்போடறீங்க. அதுதான் போர்வெல் போடற உங்க ரிக் வண்டிக்கு வேலைக்கு வர ரமேஷ்குமார் கையில கடுதாசி குடுத்து உடறேன். இதைப் பாதியில கட் பண்ண முடியாதுங்க.

முட்டிக்குள்ள ஜவ்வு லேசாக் கிழிஞ்சிருக்குதாம். ஆபரேசன் வேண்டாம், பெல்ட் போட்டுக்கிட்டுப் பயிற்சி செஞ்சாப் போதும்னு டாக்டர் சொன்னார். வள்ளிக்கும்மி பழகறப்ப எல்லாரும் இடப்பக்கம் திரும்ப, நான் மட்டும் வலப்பக்கம் திரும்பிட்டேன். ஒடம்பு திரும்பிருச்சு, கால் அங்கயே நின்னுருச்சு. தப்பு என்னுதுதான். அதுக்காகக் கும்மியே தப்பாயிருமா?

நீங்க செஞ்ச வேலையும் தெரியுமுங்க. கும்மி ஆசிரியர் குணசீலனுக்குப் போன் போட்டு, அரங்கேற்றத்துல இருந்து என் பேரை எடுத்துருங்கன்னீங்களாம். பேரன் பேத்தி எடுக்கற வயசுல ஆட்டம் என்னன்னு கேட்டீங்களாம். அடேங்கப்பா! போன வருசம் நீங்க இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கிட்டு ரிக் வண்டி ஏறினப்ப, பாடுபடற மனுசன்னு ஊரே சொல்லுச்சு. நான் முட்டிக்குக் கட்டினா மட்டும் சிரிப்பா வருதா? நேரா கும்மி பழகற களத்துக்குப் போயி, பேரை மறுபடி எழுதுங்க, என் முட்டிக்கு நானே பொறுப்புன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.

டாக்டரையும் கேட்டுட்டேன். குத்தவெச்சு எந்திரிக்கக் கூடாது, சடார்னு சுத்தக் கூடாது, நின்னு அடி வெக்கலாம்னார். மத்தவங்க குனிஞ்சு சுத்தறப்ப நான் நின்ன எடத்துல கை தட்டுவேன். அத்தை மொதல்ல மொணமொணன்னுட்டுத்தான் இருந்தாங்க. இப்ப அவங்களே பெல்ட்டை இழுத்து மாட்டி உடறாங்க. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டு, தெரிஞ்சா தெரியட்டும்ங்கறாங்க.

வர பௌர்ணமிக்கு மாரியம்மன் கோயில் முன்னால அரங்கேற்றம். கல்யாணமான நாள்ல இருந்து உங்க வண்டி பூசைக்கும், உங்க பங்காளி ஊட்டு விசேசத்துக்கும் ஓரமா நின்னு பார்த்தவ நான். ஒருக்கா நீங்க நின்னு பாருங்க. நீங்க வராட்டியும் ஆடுவேன், அதுல மாத்தமில்லை. விழுந்துருவேன்னு பயந்துக்கிட்டு வர வேண்டாம். விழுந்தாத் தூக்கறதுக்குச் சுத்தியும் பொம்பளைங்க இருக்காங்க. பார்க்கறதுக்குத்தான் நீங்க வேணுமுங்க. வந்துருங்க மாமா.

உங்க
சௌந்திரம்