கதிர் விடுமுன் வெட்ட வேண்டிய புல்

பாய்,

இன்று காலை ஊற வைக்கத் துணி எடுத்த என் வீட்டுக்காரி, என் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். "எங்க போய்ப் புரண்டுட்டு வந்தீங்க? இதென்ன கால் பூரா?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கால் மடிப்பில் வரிசையாக உங்கள் புல்லின் விதைகள். அரிசிக் குருணையை விடச் சின்னது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய மீசை, மீசை முழுக்கப் பிசின். பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அரை மணி நேரம் ஆயிற்று. விரல் ஒட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் பிடுங்குவதை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஓசூரில் பைக் செய்கிற எங்கள் கம்பெனியில் நான் அட்மின் சூப்பர்வைசர். கேன்டீன், பஸ், கக்கூஸ், தோட்டம் எல்லாம் என் தலையில். "மிஷினத் தவிர எல்லாமே உங்க பொறுப்பாங்க சார்?" என்று முதல் நாளே கிண்டல் செய்தவர் நீங்கள். தோட்ட வேலைக்கென்று கான்ட்ராக்டர் உங்களைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியபோது எனக்கு இருந்த பெரிய தலைவலி, கேட்டை ஒட்டி நிற்கும் பதினொரு தூங்குமூஞ்சி மரங்கள். அவற்றின் அடியில் கொரியன் புல்லை மூன்று தடவை கொண்டுவந்து பதித்தாயிற்று. மூன்று தடவையும் ஒரே மாதத்தில் மஞ்சளாகி மண் தெரிந்தது. எங்கள் பெரிய அதிகாரி, பிளான்ட் ஹெட்டின் கார் அந்த வழியாகத்தான் வரும். தினமும் காலையில் எனக்கு ஒரு போன் வரும்.

உங்களை அங்கே கூட்டிப் போய்த் தரையைக் காட்டினேன். நீங்கள் தரையைப் பார்க்கவே இல்லை.

"மேல பாருங்க சார். வெயில் எங்க இருக்குது? வெயில்ல பொழைக்கிறதக் கொண்ணாந்து இருட்டுல போட்டா அது என்னா பண்ணும்? நெழல்ல பொழைக்கிற புல்லு ஒண்ணு இருக்குது. எங்க ஆடு நல்லாத் திங்கும்."

உங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஆடுதான் அளவுகோல். பர்கூர்ச் சந்தையில் ஆடு வாங்கி விற்ற குடும்பம். சின்ன வயசில் அஞ்செட்டிப் பக்கம் மேய்ச்சலோடு நடந்ததில், எந்தச் செடியை ஆடு முதலில் கடிக்கும், எதை மோந்துவிட்டுப் போகும் என்று உங்களுக்கு மனப்பாடம். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தளிப் பக்கம் யாரோ தெரிந்தவரின் தோப்பிலிருந்து, நனைத்த கோணிப்பையில் அந்தப் புல்லைக் கொண்டுவந்தீர்கள். கோணியைப் பிரித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "இது என்ன பாய், குட்டி மூங்கில் இலை மாதிரி இருக்கு?" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. விரல் நீளத்துக்கு அகன்ற இலை, நுனி கூர்மை, ஓரம் மட்டும் லேசாக நெளிந்து, நனைந்து காய்ந்த காகிதம் போல. தண்டு நிமிரவில்லை. தரையோடு படுத்துக்கொண்டு ஓடியது. ஒரு கணுவை நிமிண்டி அடியில் இருந்த வெள்ளை வேரைக் காட்டினீர்கள். "கணுவுக்குக் கணு கால் ஊணும் சார். ஒரு மொழம் வெட்டி வச்சா ஒரு வருசத்துல பாய் விரிச்சுடும்."

விரித்தது. தென்மேற்கு மழையில் பதினொரு மரத்தடியும் பச்சை. கோடையில் வாடிச் சுருண்டபோது நான் பதறினேன். "செத்துப்போச்சு பாய்!" "சாவலைங்க சார், தூங்குது. ஒரு மழைக்குப் பாருங்க." மழைக்கு அதே கணுக்களிலிருந்து எழுந்துவிட்டது. விதைத்து வருடா வருடம் வருகிற சாதி இல்லை இது, இருந்த இடத்திலேயே இருந்து பல வருடம் வாழ்கிற சாதி என்று அப்போது சொன்னீர்கள்.

எனக்கு அதன் பெயர் தெரிய வேண்டும் என்று ஆசை வந்தது. போனில் படம் எடுத்துத் தேடினேன். ஓப்லிஸ்மெனஸ் என்று வந்தது. சில இனங்கள்தான், ஆனால் உலகம் முழுக்க, வெயில் நாடுகளின் காட்டு நிழலில், ஓடைக்கரையில், ஈர மண்ணில் இருக்கிறதாம். கிரேக்கத்தில் ஆயுதம் ஏந்தியது என்று பொருளாம். டீக்கடையில் இதை வாசித்துக் காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தீர்கள். "ஆட்டுக்குட்டி கடிச்சா வாயத் தெறக்காத புல்லு. இதுக்கு ஆயுதமா? வெள்ளக்காரன் எத மிதிச்சானோ!" கேட்டுக்குள் நான் சார். நாலு மணி டீக்கு வெளியே வந்துவிட்டால் தலைவரே. சாத்தூர்க்காரனான எனக்கு இந்த ஊரில் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுகிற கூட்டத்தில் பேச்சுத்துணை என்று இருந்தது நீங்கள் ஒருத்தர்தான் பாய்.

அந்த ஆயுதம் எது என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஐப்பசியில் அந்தப் புல் மெல்லிய கதிர் விடும். தண்டு மட்டும் அப்போது தலை நிமிரும். ஊதா மீசை, அதன் மேல் காலைப் பனி. பார்க்க அழகு. முற்றினால் மீசை பிசின் விட்டு, போகிற வருகிற ஆடு, நாய், மனிதன் எல்லோர் மேலும் ஒட்டிக்கொண்டு ஊர் போகும். அதனால் கதிர் வந்த அந்த வாரமே மிஷினை எடுத்துத் தலையைத் தட்டிவிடுவீர்கள். ஒரு வருடமும் அதைத் தவறவிட்டதே இல்லை. "இதுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் சார். அத மட்டும் வர வுடக்கூடாது."

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் வெளிநாட்டுக் கஸ்டமர் விசிட் வந்தது. இரண்டு நாள் முன்னால் கதிரோடு நின்ற புல்லைப் படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். பிளான்ட் ஹெட் கட்டைவிரல் தூக்கினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மிஷினோடு வந்து நின்றீர்கள்.

"வேணாம் பாய். விசிட் முடிஞ்சு வெட்டிக்கலாம். எவ்வளவு அழகா இருக்கு!"

"சார், ஒட்டும் சார்."

"ரெண்டு நாளுதானே?"

"நாளைக்கு என்னையச் சொல்லாதீங்க."

"யோவ், நான் இருக்கேன்ல!"

நீங்கள் சிரித்துக்கொண்டே மிஷினைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

எங்கள் கம்பெனியில் விருந்தாளி யார் வந்தாலும் ஒரு மரக்கன்று நட வேண்டும். அது வழக்கம். குழியை நடைபாதை ஓரத்தில் தோண்டியிருந்தீர்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று நான்தான் புல்லுக்கு நட்டநடுவே மாற்றித் தோண்ட வைத்தேன். ஆறு பேர் அந்தக் கதிருக்குள் நடந்து போய், மகிழங்கன்றை நட்டு, கை தட்டி, நேராக, வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற பெயிண்ட் ஷாப்புக்குப் போனார்கள். காலுக்கு நீல உறை, மேலே வெள்ளைக் கோட்டு, எல்லாம் கொடுத்தோம். உறைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் பேண்ட் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. பெயிண்ட் ஷாப்பில் ஒரு தலைமுடி விழுந்தாலே குடி முழுகும். அப்போதுதான் கறுப்பு அடித்து இறக்கிய பெட்ரோல் டேங்கின் மேல் மூன்று விதைகள் ஒட்டிக்கொண்டு நின்றன. விருந்தாளிகளில் ஒருவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் பிளான்ட் ஹெட் தன் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார். உங்களையும் வரச்சொல்லியிருந்தார். நீங்கள் கதவோரம் நின்றீர்கள்.

"இந்தக் கருமத்தை யார் வச்சது?"

"கார்டனர் கொண்டுவந்து வச்சது சார். என்னைக் கேக்கலை."

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. தயங்கியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "வெட்டாம ஏன் விட்ட?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம். நான் மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதாங்க சார்" என்றீர்கள்.

மறுநாள் கேட்டில் உங்கள் பாஸ் செல்லாமல் போயிற்று. கான்ட்ராக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றைக்கு நான் மூச்சு விட்டேன். ஐயோ, அந்தத் தலைப்பாகை நீங்கள்தானே பாய். எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். அவ்வளவுதான். இதை அலங்காரம் பண்ணிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

களைக்கொல்லி அடித்தார்கள். மேலே கூழாங்கல் கொட்டினார்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் லாரி சத்தம், யாரோ கன்னடத்தில் கத்துகிறார்கள், அதற்கு நடுவே நீங்கள். "சார், நல்லா இருக்கீங்களா? மருந்து அடிச்சாங்கன்னு கேள்விப்பட்டன். அது முழுசாப் போவாதுங்க. கணுவுல உசுரு கெடக்கும். வந்துச்சுன்னா கையால பிடுங்கச் சொல்லுங்க, கதிர மட்டும் வர வுட்டுடாதீங்க. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது." கேட்டேன். நீலக் குறி விழுந்திருக்கும், நான் கேட்டுவிட்டேன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை. என்னவென்று போடுவது?

அதற்கப்புறம் நீங்கள் பாகலூர் ரோட்டில் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோஜா வளர்க்கிற ஒரு பாலிஹவுஸில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். பூச்சிமருந்து அடிக்கிற வேலை. மருந்து என்றாலே மூக்கைப் பொத்துகிற ஆள் நீங்கள். ஒரு நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிருஷ்ணகிரி பஸ் நிற்கிற இடத்தில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னை முதலில் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினீர்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருமே பேசாத போனில் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது தர்மபுரி பஸ். சூளகிரியில் இறங்கித் திரும்பி வந்தேன். இப்படியும் ஒரு மனிதன்.

போன மாதம் டீக்கடைக்காரர்தான் சொன்னார். "உங்க பாய் தவறிட்டாரே சார், தெரியாதா? நெஞ்சு வலின்னாங்க." உங்கள் பாய் என்று அவர் சொன்னது சுருக்கென்றது. அடக்கம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. போக வேண்டும், போக வேண்டும் என்று இன்னும் ஒரு மாதம் தள்ளினேன். நேற்று ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது அந்த மரத்தடிக்குப் போனேன். கூழாங்கல் சந்தில் எல்லாம் உங்கள் புல், நீங்கள் சொன்னது போலவே. இரண்டு வருடமாக ஆள் வைத்து ஒழுங்காகப் பிடுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இந்த மழையில் மட்டும் ஆளே அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது. கதிர் முழங்காலைத் தொட்டது. கொஞ்ச நேரம் அதற்குள் நின்றுவிட்டு உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் வீட்டம்மா கதவைத் திறந்து, "வாங்கண்ணா" என்றார்கள். நாற்காலி போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே நிலைப்படியில் சாய்ந்து நின்றார்கள். பழப்பையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

"தங்கச்சி, அன்னைக்குப் புல்லை வெட்ட வேணாம்னு சொன்னது நான்தாம்மா. அவர் வெட்டத்தான் வந்தார். நான்தான் தடுத்தேன். அப்புறம் அவர் மேல பழியைப் போட்டுட்டேன்."

இவ்வளவு நாள் சொல்லாமல் கிடந்தது, சொல்லி முடிக்க நாலு வரிதான். அழுவார்கள், போகச் சொல்வார்கள் என்று இருந்தேன். அவர்கள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்ணா. வேலை போன அன்னைக்கே சொல்லிட்டாரு. நாந்தான் கத்துனன், போய் அந்தாளு சட்டையப் பிடின்னு. கேக்கல. 'அவரு கெட்டவரு இல்ல, பயந்துட்டாரு. என்னைக்காச்சும் வந்து அவரே சொல்லுவாரு, பாரு'ன்னு சொல்லிட்டே இருந்தாரு. ஞாயித்துக்கெழம யாராச்சும் கதவத் தட்டுனா, 'சார் வந்துட்டாரா பாரு'ம்பாரு."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்காமலே, பழப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பாய், நீங்கள் என்னைத் தெருவில் நிறுத்திக் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். பெரிய இடத்தில் சொல்லி என் வேலைக்கு உலை வைத்திருந்தாலும், சரி, கணக்குத் தீர்ந்தது என்று இருந்திருப்பேன். என்னை நல்லவன் என்று நம்பி இரண்டு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?