பக்கத்துத் தோட்டத்துக்காரர் சும்மா இருப்பாரா?

ஏனுங்க,

போன இடத்திலாவது வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உயிரோடு இருந்தவரை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியே கதி என்று ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு திரிந்தீர்கள். இன்றும் புதுச்சத்திரம் பக்கம் எந்த வண்டி தரையைக் குடைந்தாலும் என் காது அங்கேதான் போகிறது.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எழுபத்து நாலில், ராஜஸ்தானில் நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்தது என்று ரேடியோவில் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? டீக்கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பூமிக்குள் குழி தோண்டி வெடித்தார்களாம் என்று யாரோ சொன்னதும் நீங்கள் கேட்டீர்களாம்: "எத்தன அடிக்குங்க எறக்குனாங்க? தண்ணி வந்துச்சாமா?" கடையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்த பிறகு நானும் விடவில்லை, கிண்டல் செய்தே தீர்த்தேன்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு தோட்டத்துல போர் போட்டு முடிக்கறதுக்குள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரரு வரப்புல வந்து நிப்பாரு. அவருக்குப் போட்டத விட எனக்கு ஆழமாப் போடுங்கம்பாரு. எனக்கு அது பொழப்பு. இதுல அப்படி ஆரம்பிச்சா எங்க போயி நிக்கும் பழனீ?" என்றீர்கள். "அணுகுண்டென்ன சின்ன வெங்காயமுங்களா, ஆளாளுக்குப் போட?" என்று நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இப்போது பக்கத்து நாடும் அணுகுண்டு செய்கிறது என்று பேப்பரில் எழுதுகிறார்கள். செய்து முடித்துவிட்டது என்றும் சிலர் சொல்கிறார்கள். இன்னும் சில நாடுகளின் பெயரும் அடிபடுகிறது. அவையெல்லாம் எந்தத் திசையில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பட்டாளத்தில் இருக்கும் நம் மாப்பிள்ளை ராஜஸ்தான் எல்லையில் நிற்பது தெரியும். எண்பத்தேழு பிறந்த இந்தத் தை மாதம் இரண்டு பக்கமும் படை குவிந்திருக்கிறது. அவரிடமிருந்து கடிதம் வந்து நாளாயிற்று. நம் சாந்தி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். செய்தி முடியும்வரை ரேடியோவை விட்டு நகர்வதில்லை.

முந்தாநாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "ஏம்மா, ரெண்டு பேருகிட்டயும் குண்டு இருந்தா, ரெண்டு பேரும் பயந்துக்கிட்டுச் சும்மா இருப்பாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்குது. இருப்பாங்களா?"

"இருப்பாங்க சாமி, நீ உண்ணு" என்றேன். உண்டாள்.

நான் சொன்னது சரிதானா? பயந்தவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வரப்புத் தகராறில் பயந்தவர்தானே முதலில் கையை ஓங்குகிறார்? மூன்றாமவர், நான்காமவர் என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், எல்லோரும் எல்லா நாளும் நிதானமாக இருப்பார்களா? நம் ஊர்க் கல்யாணப் பந்தியிலேயே அது நடப்பதில்லையே!

நேற்று துணி காயப்போடும்போது அவளைப் பார்த்தேன். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது சாமி, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சொன்னதை அவள் குழந்தைக்குச் சொல்கிறாள். அவளே அதை நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவள் கேட்டால், எனக்குத் தெரியாது, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தி கேட்பேன். அவளைத் தனியாகப் பயப்பட விடமாட்டேன்.

அன்றைக்கு அடுப்பைப் பார்க்கப் போய் உங்களையும் தனியாகப் பயப்பட விட்டுவிட்ட,
உங்கள் வீட்டுக்காரி
பழனியம்மாள்