முனி அறையவில்லை

கட்டுகஸ்தோட்டை,
12.2.1996

அன்பு மகன் ஜெகதீசனுக்கு அம்மா எழுதுவது. மதராஸில் நீ சுகமாக இருக்கக் கதிரேசன் சாமி துணையிருப்பான். இங்கே அப்பா சுகம், மற்றவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நேற்று அடித்த தந்தி. ஓடாதே, கடிதம் வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, நீ எவளோடோ ஓடிப்போகப் போவதாக யாரோ எனக்குக் கோள் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். அதுவாக இருந்தால் நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். இருபதாம் தேதி கல்லூரிப் போட்டியில் ஓடுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த ஓட்டத்தைத்தான் சொன்னேன். தபாலை நம்பாமல் திகன ஊர்த் துணிக்கடை ஸெய்னுலாப்தீன் நானாவிடம் இதைக் கொடுக்கிறேன், அவர் கடைக்குத் துணி எடுக்க நாளைக்கு அங்கே வருகிறார்.

போன மாதம் உன் தங்கை யசோதாவின் கல்லூரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்கும், சோம்பேறி என்று நான்தான் திட்டுவேன், அந்த வாயை இப்போது என்ன செய்வது. அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கே ஸ்கேன் செய்து இருதயத் தசை தடித்திருக்கிறது என்றார்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று டாக்டரம்மா, அந்த நோனா, கேட்டார். ஈசிஜி எடுத்தபோது கொடுத்த படிவத்தில் யசோதா அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருந்தாள், நானும் இல்லை என்றேன், கோயிலில் சத்தியம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் விடாமல், விளையாடும்போது யாரும் விழுந்ததில்லையா என்றார். அது நோயில்லீங்க, என் தம்பி காளிமுத்துவை முனி அறைஞ்சிருச்சு என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

உனக்குத் தெரிந்த கதைதான். மடுல்கெல்ல தோட்டத்தில் பொங்கல் ஓட்டப்போட்டி, தம்பிக்குப் பத்தொன்பது வயது, முதலாவதாக ஓடி வந்தவன் முனியாண்டி கோயில் வளைவில் முகம் குப்புற விழுந்தான், எழும்பவேயில்லை. கணக்கப்பிள்ளை மகனிடம் இரவல் வாங்கிக் காலில் போட்ட சப்பாத்தோடு சாமி முன்னால் ஓடினதால் வந்தது என்றார்கள். இருபத்தேழு வருஷமாகச் சேவல் அறுக்கிறோம், உன்னையும் அந்த வளைவில் செருப்பைக் கழற்றி நடக்கப் பழக்கினோம். சப்பாத்தைப் பார்த்தோமே தவிர நெஞ்சை ஒருத்தரும் பார்க்கவில்லை. அவனுக்கும் இதே நோய்தான் இருந்திருக்க வேண்டும், இது இரத்தத்தில் வருவது, வெளியே ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கும், கூடப்பிறந்தவர்களையும் உடனே சோதிக்க வேண்டும் என்று டாக்டர் நோனா சொன்னார்.

போட்டிக்கு நீயும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். நீயும் இல்லை என்றுதான் எழுதியிருப்பாய், அது உன் பிழையில்லை, நாங்கள் சொல்லி வளர்த்த பிழை. அதைத் திரும்ப வாங்கித் திருத்து. தாய்மாமன், வயது பத்தொன்பது, ஓடும்போது இறந்தார் என்று எழுது. முனி என்று எழுதாதே, இத்தனை வருஷம் அந்தச் சாமி மேல் பழி போட்டது போதும். இருதய டாக்டரைப் பார்த்து அவர் சரி என்று சொல்லும்வரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதே, கூட்டாளிகள் பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். யசோதா மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள், வலைப்பந்தை நிறுத்தியதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை, கண்முன்னால் இருக்கிறாள். நீதான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

நீ நூறு வயது இருக்க வேண்டும் ராசா, அதைத்தவிர வேறு எதையும் நான் சாமியிடம் கேட்கவில்லை. மறக்காமல் இன்னொன்று. அந்தப் படிவத்தில் தாயார் நல்ல சுகம் என்று எழுதியிருந்தால் அதையும் வெட்டிவிடு. முந்தாநாள் என்னையும் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள், யசோதாவுடையதும் என்னுடையதும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இப்படிக்கு,
காளிமுத்துவின் அக்கா, உன் அம்மா
புஷ்பம்