பத்தாயிரத்தில் நாலு பங்கு

2025 மே 4, ஞாயிறு

மாமல்லபுரம் போய்ப் பெண் கேட்டேன். ஷாரோனுக்குச் சம்மதம். அவள் அப்பா ஞானதாஸ் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "சயின்ஸ் வாத்தியார்ன்றீங்க. இன்னாத்துக்கு வருசா வருசம் இப்டி கொளுத்துது?" என்றார்.

பசுமைக்குடில் விளைவு என்றேன். கண்ணாடி வீட்டுக்குள் வெயில் நுழையும், சூடு வெளியே போகாது, பூமியும் அப்படித்தான்.

"மேல கண்ணாடி எங்க கீது?"

அண்ணாந்து பார்த்தேன். ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுக்கே பதில் இல்ல, உங்கள நம்பி எப்டி பொண்ணு குடுக்கறது? அடுத்த வாரம் வாங்க."

பத்து வருஷ சர்வீஸ் எனக்கு!

மே 7

அம்மாவிடம் ஒத்திகை. "அகச்சிவப்புக் கதிர்" என்ற இடத்தில் தூங்கிப்போனாள்.

மே 11

கண்ணாடி இல்லை, வாயுதான் என்று ஆரம்பித்தேன். வெயில் அதைத் தாண்டி வந்து தரையைச் சுட வைக்கிறது. தரை திருப்பி விடும் சூட்டைக் கரியமில வாயு பிடித்து, ஒரு பங்கைக் கீழேயே அனுப்பிவிடுகிறது.

"எவ்ளோ கீது அந்த வாயு?"

பத்தாயிரத்தில் நாலு பங்கு.

"நாலா! அது இன்னா பண்ணிடும்?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். சர்ச் முடிந்து வந்த சொந்தக்காரர்கள் வீடு முழுக்க. வாசலில் அவர் தங்கை பிரபாவதி, கிளம்புகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து, "சாப்ட்டுப் போ" என்று உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அத்தையப் பாருங்க! வர்றவங்கள தடுக்கல, போறவங்களத்தான் விடல. ஒரே ஆளு, வீடே புழுங்குது!" என்று கத்திவிட்டேன்.

ஞானதாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "நானா கரியமில வாயு?"

மே 12

ஷாரோன் போன். அப்பாவுக்கு ஓகேவாம். அத்தைக்கு இல்லையாம். அத்தை வேண்டாம் என்றால் அந்த வீட்டில் ஒன்றும் நடக்காது. ஏண்டா, உனக்கு உதாரணம் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா? ஷாரோன் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன் —

மே 18

மன்னிப்புக் கேட்கப் போனேன். அத்தை அரிவாள்மனையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அத்தை, அந்த மாதிரி வாயு இல்லேன்னா பூமியே உறைஞ்சு போயிருக்கும். இந்த வீட்டுக்குக் கதகதப்பே உங்களாலதான்."

கை நின்றது. "ஜாஸ்தியானா?"

"ஜாஸ்தியானாதான் ஆபத்து. டீசலும் நிலக்கரியும் எரிச்சு எரிச்சு அத ஏத்திட்டோம். நீங்க ஒருத்தர்தானே அத்தை, ஜாஸ்தியாக மாட்டீங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா, சிரிப்பா? தெரியவில்லை.

ஜூன் 8

ஆலயத்தில் எங்கள் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். ஆராதனை முடிந்ததும் அத்தை என்னை ஆயரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க வூட்டு மாப்ள. நான் இல்லாங்காட்டி உலகமே ஐஸா பூட்ருக்குமாம். இவருதான் கண்டுபுட்ச்சாரு."

ஆயர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.