அப்பா சொன்ன ‘விடு’

ஜூன் 3, செவ்வாய்
குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். அக்கா கண்ணில் இந்த நோட்டு பட்டால் அவ்வளவுதான்.

மாலையில் அப்பா பழைய காரின் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்தார்; உள்ளே காற்று இருந்தால் பிரேக் சரியாகப் பிடிக்காதாம். பின்சக்கரத்தருகே படுத்துக்கொண்டு “மிதி” என்பார். நான் பெடலை மிதித்துப் பிடிப்பேன். அவர் குழாய் முனைத் திருகைத் தளர்த்தினால் எண்ணெயும் குமிழியும் வெளியே வரும். இறுக்கிவிட்டு “விடு” என்பார். அப்போதுதான் காலை எடுக்க வேண்டும். கடைசித் தடவை அக்கா வந்து, “ஸ்பேனர் வழுக்குதாப்பா? வேற தரவா?” என்றாள்.

“விடு, நான் பாத்துக்கறேன்.”

அக்காவிடம் சொன்னார். நான் காலை எடுத்துவிட்டேன். திருகு திறந்திருந்தது. காற்று உள்ளே போயிருக்கும். அப்பா அவள் பக்கம் திரும்பியிருந்ததால் கவனிக்கவில்லை.

நானும் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்
அப்பா காரைத் தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தார். “பெடல் இன்னும் பஞ்சு மாதிரி அமுங்குதே, எங்க கோட்டை விட்டேன்?” ஞாயிறன்று அக்காவை விடுதியில் சேர்க்க இதே காரில்தான் மலைச்சரிவில் இறங்கப் போகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்
நாளை சொல்லிவிடுவேன்.

ஜூன் 6, வெள்ளி
சொல்லவில்லை. திட்டினால் என்ன, காது அறுந்தா போகும்? சரிவில் பெடல் தரையைத் தொட்டால் — நாளைக்கு. பல் துலக்குவதற்கு முன்பே.

ஜூன் 7, சனி
சொல்லிவிட்டேன்.

“மூணு நாளா மண்டையப் பிச்சுக்கறேன், கல்லு மாதிரி உக்காந்திருந்தியாடி?” என்றார் அப்பா.

“நான் உருண்டு போனா என் அலமாரி இவளுக்கு. அந்தக் கணக்குதான்,” என்றாள் அக்கா.

மறுபடி ஆரம்பித்தோம். “இனிமே ‘எடு’ன்னு சொன்னாதான் எடுக்கணும். ‘விடு’ கிடையாது,” என்றார். குமிழிகள் வந்தன, பிறகு நின்றன. பெடல் கெட்டியானது. திருகை இறுக்கிவிட்டு அப்பா எழுந்து கை துடைக்கப் போய்விட்டார்.

‘எடு’ சொல்ல மறந்துவிட்டார். நான் எடுக்கவில்லை. தொடை நடுங்கியது. அப்போதுதான் தெரிந்தது — கால் மெல்ல மெல்லக் கீழே போகிறது.

“இன்னும் ஏன்டி அங்கயே இருக்க?”

“நீங்க ‘எடு’ சொல்லலியேப்பா. பெடல் இறங்குதுப்பா.”

அவர் முகம் மாறியது. “மிதிச்சபடியே இரு,” என்று மறுபடி காருக்கடியில் போனார். பின்பக்கம் போகும் குழாயைப் பிடித்திருந்த கொக்கிக்குள் சேறு அடைத்திருந்தது. சுரண்டினார். உள்ளே துரு, துருவில் ஒரு சொட்டு எண்ணெய்.

அவர் துடைத்தார்; மறுபடி ஒரு சொட்டு ஊறியது. பிறகு, “எடு,” என்றார்.

புதுக் குழாய் வாங்கி வந்து மாட்டி, காற்றெடுத்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இருநூறு எண்ணும்வரை மிதித்துப் பிடித்தேன். இறங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா திரும்பி வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பிட்டார். தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

“விடு, நான் பாத்துக்கறேன்,” என்றார்.

மேசைக்கடியில் என் வலது கால், பெடலை மிதிப்பதுபோல், தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை.